மோரியா மலையின் கத்தி: இறைக்கட்டளையும் மனச்சாட்சியும்

விவிலியத்தின் முதல் நூலாகிய ஆதியாகமத்தின் 22ஆம் அதிகாரம் அளவில் சிறியது. முதியவர் ஒருவர் விடியற்காலையில் எழுந்து கழுதைக்குச் சேணம் கட்டுகிறார், விறகு பிளக்கிறார், மகனை அழைத்துக்கொண்டு புறப்படுகிறார். மூன்றாம் நாள் மலை தென்படுகிறது. விறகை மகன் சுமக்கிறான். நெருப்பையும் கத்தியையும் தந்தை எடுத்துக்கொள்கிறார். பலிக்குரிய ஆடு எங்கே என்று மகன் வினவுகிறான். கடவுள் பார்த்துக்கொள்வார் எனத் தந்தை விடையிறுக்கிறார். பீடம் கட்டி, மகனைக் கட்டி, விறகின்மேல் கிடத்திக் கத்தியை ஓங்கும் வேளையில் வானிலிருந்து தடை வருகிறது. புதரில் கொம்பு சிக்கிய ஆட்டுக்கடா மகனுக்கு மாற்றாகப் பலியாகிறது.

ஆபிரகாம், ஈசாக்கு என்னும் தந்தை மகனைப் பற்றிய இந்நிகழ்ச்சி யூத மரபில் ‘கட்டுதல்’ என்னும் பொருளுடைய சொல்லால் வழங்கப்படுகிறது; கிறித்தவ மரபில் ‘ஆபிரகாமின் பலி’ எனப்படுகிறது. ஒரு மரபு மகன் கட்டுண்டதை நினைக்கிறது. மற்றொன்று தந்தை கொடுக்க முன்வந்ததை நினைக்கிறது. பெயரிலேயே நோக்கு வேறுபடுகிறது.

கடவுள் கட்டளையிட்டால், தன் நெஞ்சம் தீது என்று கூறுவதையும் மனிதன் செய்தல் வேண்டுமா? கிறித்தவச் சிந்தனை வரலாறு முழுவதும் இவ்வினா மோரியா மலையையே சுற்றி வந்துள்ளது. அதற்குக் காலந்தோறும் கிடைத்த விடைகளையும், அவ்விடைகளுக்காக மனிதர் கொடுத்த விலையையும் நோக்குவது இக்கட்டுரையின் பொருளாகும்.

இரு ஆபிரகாம்கள்

இவ்வினாவின் கடுமையை உணர்வதற்கு அதே நூலின் 18ஆம் அதிகாரத்தையும் உடன்வைத்துப் படித்தல் வேண்டும். சோதோம் நகரை அழிக்கும் எண்ணத்தைக் கடவுள் வெளியிடும்போது ஆபிரகாம் பணிந்து வாளாவிருக்கவில்லை. நல்லோரையும் தீயோரையும் ஒருசேர அழிப்பது உலகின் நீதிபதிக்குத் தகுமா என்று எதிர்வினா எழுப்புகிறார். ஐம்பது நல்லோர் இருப்பின் நகரைக் காக்க வேண்டும் என்று தொடங்கி, நாற்பத்தைந்து, நாற்பது, முப்பது, இருபது எனக் குறைத்துப் பத்தில் வந்து நிற்கிறார். தாம் அறியாத ஊராருக்காகக் கடவுளோடு இவ்வாறு வழக்காடியவர், நான்கே அதிகாரங்கள் கடந்து, தம் ஒரே மகனுக்காக ஒரு சொல்லும் பேசவில்லை.

முதல் ஆபிரகாம் கடவுளையே நீதியின்பால் நிறுத்திக் கேட்பவர். இரண்டாம் ஆபிரகாம் கேள்வியின்றிப் பணிபவர். இருவரையும் ஒரே நூல் போற்றுகிறது. கடவுள் நல்லது என்று கூறுவதால் ஒன்று நல்லதாகிறதா, நல்லதாக இருப்பதால் கடவுள் அதனை நல்லது என்கிறாரா என்று கிரேக்க நாட்டுப் பிளேட்டோ ‘யூதிப்ரோ’ என்னும் உரையாடலில் எழுப்பிய வினாவும் இவ்வகையினதே. முதற்கூற்றை ஏற்போர் இரண்டாம் ஆபிரகாமையும், இரண்டாம் கூற்றை ஏற்போர் முதல் ஆபிரகாமையும் துணைக்கு அழைப்பதைக் கிறித்தவ வரலாற்றில் தொடர்ந்து காணலாம்.

புதிய ஏற்பாட்டிலும் இவ்விரு போக்குகளும் உள்ளன. எபிரெயருக்கு எழுதிய நிருபம், இறந்தவரையும் எழுப்பக் கடவுளால் இயலும் என்று நம்பியே ஆபிரகாம் மகனைக் கொடுக்கத் துணிந்தார் என விளக்கி, அவரது கீழ்ப்படிதலை நம்பிக்கையின் உச்சமாக வைக்கிறது. பவுல் உரோமருக்கு எழுதிய நிருபத்தின் 2ஆம் அதிகாரமோ, திருச்சட்டத்தைப் பெறாத பிற இனத்தாரின் உள்ளங்களிலும் அச்சட்டத்தின் பயன் எழுதப்பட்டுள்ளது என்றும், அவர்தம் மனச்சாட்சி அதற்குச் சான்று பகர்கிறது என்றும் கூறுகிறது. இங்குக் கிரேக்க மூலத்தில் வரும் சொல்லும், அதற்கு நேராக இலத்தீனில் வழங்கும் சொல்லும் ‘உடன் அறிதல்’ என்னும் பொருளின. தமிழில் அது ‘மனச்சாட்சி’ ஆயிற்று. அறிவு என்பது சான்றாக மாறியபோது வழக்குமன்றச் சாயல் ஒன்றும் அச்சொல்லில் ஏறிக்கொண்டது. உள்ளத்தில் ஒரு சான்று எழுந்து பேசுகிறது என்றால், வெளியிலிருந்து வரும் கட்டளையை அச்சான்றின் முன் வைத்துப் பார்க்கலாமா என்பதே எஞ்சும் வினா.

சாராளின் குரல்

ஆதியாகமம் கூறாது விட்டதொன்று உண்டு. மகனைப் பெற்ற தாய் சாராள் 22ஆம் அதிகாரத்தில் இடம்பெறவே இல்லை. கணவர் எங்குச் செல்கிறார் என்று அவளுக்குத் தெரியுமா? தெரிந்திருந்தால் இசைந்திருப்பாளா? நூல் மௌனம் காக்கிறது. அடுத்த அதிகாரம் அவளது மரணத்தோடு தொடங்குகிறது.

இறையியலார் நெடுங்காலம் கவனியாது விட்ட இம்மௌனத்தைக் கவிஞர்கள் விட்டுவிடவில்லை. 6ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டாண்டினோப்பிளில் வாழ்ந்த ரோமனோஸ் என்னும் கிரேக்கப் பாடலாசிரியர், இந்நிகழ்ச்சியைப் பற்றிய தம் பாடலில் சாராளின் புலம்பலைக் கற்பனை செய்து சேர்த்தார். சிரியாக் மொழியில் பெயர் தெரியாத புலவர் இயற்றிய பழைய செய்யுளுரை ஒன்றில் சாராள் நடப்பதை உணர்ந்துகொள்கிறாள். கணவனைக் கேள்வி கேட்கிறாள். தானும் உடன்வர விரும்புகிறாள். ஆபிரகாமுக்கு ஒரு சோதனை என்றால் அவளுக்கும் ஒரு சோதனை உண்டு என்பது அப்புலவரின் எண்ணம்.

தமிழ் வாசகருக்கு இவ்விடத்தில் சிறுத்தொண்டர் வரலாறு நினைவிற்கு வருதல் இயல்பே. சேக்கிழாரின் பெரியபுராணத்தில், வந்த அடியவர் கேட்டபடி மகன் சீராளனை அரியும்போது தாய் திருவெண்காட்டு நங்கையும் உடனிருந்து பங்கேற்கிறாள். தமிழும் வடமொழியும் கற்ற இஸ்ரேலிய அறிஞர் டேவிட் ஷுல்மன், 1993இல் வெளியிட்ட ‘பசித்த கடவுள்’ என்னும் ஆங்கில நூலில் மோரியா நிகழ்ச்சியையும் சிறுத்தொண்டர் வரலாற்றையும் இணைத்து ஆராய்ந்தார். மோரியாவில் கத்தி இடையில் தடுக்கப்படுகிறது. திருச்செங்காட்டங்குடியில் தடுக்கப்படுவதில்லை, மகன் பின்னர் மீண்டு வருகிறான். ஆயினும் இரு வரலாறுகளிலும் கேட்போர் நெஞ்சில் எழும் நடுக்கம் ஒன்றே. இறுதியில் மகன் பிழைத்தான் என்பது, அக்கத்தி ஓங்கப்பட்டது என்னும் உண்மையை அழித்துவிடுவதில்லை.

அகுஸ்தீனும் அக்குவினாசும்

திருச்சபையின் தொடக்க கால அறிஞர்கள் இந்நிகழ்ச்சியைப் பெரிதும் முன்னடையாளமாகவே கொண்டனர். விறகு சுமந்த ஈசாக்கு, சிலுவை சுமந்த கிறிஸ்துவின் நிழல் எனப்பட்டான். இவ்வாறு உருவகமாகக் கொள்ளும்போது அறவினாவின் கூர்மை மழுங்கிவிடும்.

அகுஸ்தீன் (354–430) அதனை நேரில் எதிர்கொண்டார். ‘கடவுளின் நகரம்’ என்னும் நூலின் முதற்பகுதியில் தற்கொலையையும் கொலையையும் கண்டிக்கும் அவர், கொலை செய்யாதிருக்க வேண்டும் என்னும் சட்டத்திற்கு விலக்குகளும் உண்டு என்கிறார். நீதியான பொதுச்சட்டத்தாலோ, குறிப்பிட்ட ஒருவர்க்குக் கடவுள் இடும் நேர்க்கட்டளையாலோ கொல்பவன் கொலைஞன் ஆகான்; அவன் ஏவுவோன் கையிலுள்ள வாள் போன்றவன் என்பது அவரது கருத்து. இவ்விளக்கம் ஆபிரகாமைக் காத்தது. ஆனால், வாள் சிந்திப்பதில்லை. மனிதன் தன்னை வாளாக எண்ணிக்கொள்ளும் வழியையும் அது பின்வந்தோர்க்குத் திறந்துவிட்டது.

13ஆம் நூற்றாண்டின் தோமா அக்குவினாஸ் (1225–1274) வேறொரு வழியை மேற்கொண்டார். உயிர் கொடுத்த கடவுளுக்கு உயிரை எடுக்கவும் உரிமை உண்டு. ஆகவே அவர் கட்டளைப்படி செய்வது கொலை என்னும் வரையறைக்குள்ளேயே அடங்காது. அறத்தின் சட்டம் முறிக்கப்படவில்லை என்றார். ‘இறையியல் தொகுப்பு’ என்னும் அதே பெருநூலில் மற்றொரு பகுதியில், தவறான மனச்சாட்சியும் மனிதனைக் கட்டுப்படுத்துமா என்னும் வினாவை எழுப்பி, கட்டுப்படுத்தும் என்று விடை கூறுகிறார். கிறிஸ்துவை நம்புவது நல்லது; ஆயினும் ஒருவனது அறிவு அதனைத் தீது என்று அவனுக்குக் காட்டுமாயின், அந்நிலையில் அவன் நம்புவது குற்றமாகும் என்று எடுத்துக்காட்டும் தருகிறார். சமயத்தின் மையமான நம்பிக்கையையே எடுத்துக்காட்டாக வைத்த துணிவு ஈண்டு எண்ணத்தக்கது. ஆனால், அறிய வேண்டியதை அறியாதிருந்த பொறுப்பிலிருந்து அம்மனிதன் தப்பிவிட முடியாது என்னும் எச்சரிக்கையையும் அவர் அடுத்து வைக்கிறார். மனச்சாட்சி கட்டுப்படுத்தும், அதனை வளர்த்துத் திருத்தும் கடமையும் கட்டுப்படுத்தும்.

மோரியா நிகழ்ச்சி வேறொரு வழக்கிலும் சான்றாயிற்று. 1550–51இல் ஸ்பெயின் நாட்டு வய்யதோலித் நகரில், அமெரிக்கப் பழங்குடிகள்மேல் போர் தொடுப்பது நீதியா என்னும் விவாதம் நடைபெற்றது. அம்மக்கள் நரபலி இடுகின்றனர். ஆகவே அவர்களை வென்று அடக்கல் தகும் என்றார் செபுல்வேதா. அவரை மறுத்த தோமினிக்கன் சபைத் துறவி பர்த்தலோமே தெ லாஸ் காசாஸ், கடவுளுக்கு உயர்ந்ததையே கொடுக்க வேண்டும் என்னும் எண்ணத்தால் அம்மக்கள் அவ்வாறு பிழைபட்டனர் என்றும், ஆபிரகாமிடம் மகனையே பலியாகக் கேட்ட வரலாறு நம் நூலிலும் உண்டு என்றும் எடுத்துரைத்தார். பிறரைக் கொல்ல ஓங்கிய வாளைத் தடுக்க ஆபிரகாமின் கத்தி அங்கே பயன்பட்டது.

மியூன்ஸ்டரில் நிகழ்ந்தது

சமயச் சீர்திருத்தம் இவ்வினாவைத் தனிமனிதர் ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தது. 1521 ஏப்ரல் 18ஆம் நாள் வோர்ம்ஸ் நகரில் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் முன் நின்ற மார்ட்டின் லூதர், தம் மனச்சாட்சி இறைவார்த்தைக்குக் கட்டுண்டுள்ளது என்றும், அதற்கு மாறாக நடக்க இயலாது என்றும் கூறி, எழுதியவற்றைத் திரும்பப்பெற மறுத்தார். மனச்சாட்சியின் உரிமைக்குரலாக இந்நிகழ்ச்சி இன்று போற்றப்படுகிறது. ஆனால், லூதர் கேட்டது தன்னிச்சையான மனச்சாட்சியின் விடுதலையன்று. நூலுக்குக் கட்டுண்ட மனச்சாட்சியின் விடுதலை. அந்நூலை எவ்வாறு படிப்பது என்பதில் இருவர் வேறுபட்டால் நடுவர் யார் என்னும் கேள்வி விரைவிலேயே எழுந்தது.

1534 பிப்ரவரியில் செர்மானிய நகரமாகிய மியூன்ஸ்டரின் ஆட்சி, மறுதிருமுழுக்குக் கொள்கையினர் கைக்கு வந்தது. அவர்தம் இறைவாக்கினர் இயான் மத்தைஸ், கடவுளின் ஏவல் என்று நம்பிச் சிலரோடு நகர் மதிலுக்கு வெளியே சென்று முற்றுகைப் படையை எதிர்த்து அவ்வாண்டு உயிர்ப்புத் திருநாளை ஒட்டி மாண்டார். அவர்க்குப்பின் தலைமை ஏற்ற லெய்டன் நகரத்து இயான், இறைவெளிப்பாடு எனக் கூறிப் பலதாரமணத்தைப் புகுத்தினார். தம்மை அரசர் என்றும் அறிவித்துக்கொண்டார். முற்றுகையால் நகரம் பசியில் வாடியது. அரசரின் ஆடம்பரத்தைக் குறைகூறிய அவருடைய மனைவியருள் ஒருத்தியாகிய எலிசபெத் வாண்ட்ஷெரர், 1535 ஜூனில் சந்தைவெளியில் அவர் கையாலேயே தலை வெட்டப்பட்டாள். அம்மாத இறுதியில் நகரம் வீழ்ந்தது. 1536 ஜனவரியில் இயானும் உடனிருந்த இருவரும் கொடிய வதைக்குப்பின் கொல்லப்பட்டனர். அவர்தம் உடல்கள் வைக்கப்பட்ட மூன்று இரும்புக் கூண்டுகள் புனித இலம்பெர்ட் கோயிற் கோபுரத்தில் இன்றும் தொங்குகின்றன.

இவ்வியக்கத்தின் பெயரையே உடைய வேறொரு மனிதரையும் உடன்வைத்துக் காண வேண்டும். நெதர்லாந்து நாட்டு அஸ்பெரன் ஊரைச் சேர்ந்த டிர்க் வில்லெம்ஸ், மறுதிருமுழுக்குக் கொள்கைக்காகச் சிறைப்பட்டுத் தப்பியோடினார். உறைந்த நீர்ப்பரப்பை அவர் கடந்துவிட, துரத்தி வந்த காவலன் பனிக்கட்டி உடைந்து நீரில் மூழ்கலானான். பகைவரையும் நேசிக்க வேண்டும் என்னும் கட்டளைக்குக் கீழ்ப்படிந்து வில்லெம்ஸ் திரும்பி வந்து அவனைக் கரையேற்றினார், பிடிபட்டார், 1569 மே மாதம் எரிக்கப்பட்டார். மியூன்ஸ்டரின் இயானும் அஸ்பெரனின் வில்லெம்சும் கடவுளுக்குக் கீழ்ப்படிந்ததாகவே நம்பினர். ஒருவருடைய கீழ்ப்படிதல் பிறர் கழுத்தில் இறங்கியது. மற்றவருடையது தம் உடலில் இறங்கியது. இவ்வேறுபாட்டைப் பின்னும் நினைவிற்கொள்ளல் வேண்டும்.

கான்ட் மறுத்ததும் கீர்க்ககார் நடுங்கியதும்

கடவுளின் பெயரால் நிகழ்ந்த சமயப்போர்களைக் கண்ட ஐரோப்பாவில், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இம்மானுவேல் கான்ட் தெளிவான மறுப்பை முன்வைத்தார். 1793இல் வெளிவந்த சமய நூலில், நம்பிக்கை மாறுபட்டவனுக்கு மரணத் தீர்ப்பு வழங்கும் சமய விசாரணை நீதிபதியை எடுத்துக்காட்டாக்கினார். நம்பிக்கைக்காக ஒருவனைக் கொல்வது தீது என்பது உறுதி; கடவுள் அவ்வாறு கட்டளையிட்டார் என்பதோ மனிதர் வழியாக வந்த, பிழைபடக்கூடிய செய்தி; உறுதியானதை உறுதியற்றதற்காகக் கைவிடலாகாது என்பது அவரது வாதம். 1798இல் வந்த ‘துறைகளின் பூசல்’ என்னும் நூலின் அடிக்குறிப்பு ஒன்றில் ஆபிரகாமையே நேரில் குறிப்பிட்டார். என் மகனை நான் கொல்லலாகாது என்பதில் எனக்கு ஐயமில்லை. எனக்குத் தோன்றும் நீ கடவுள்தானா என்பதில்தான் ஐயம் என்று ஆபிரகாம் அக்குரலுக்கு விடையிறுத்திருக்க வேண்டும் என்பது அக்குறிப்பின் கருத்து.

இவ்விரு நூல்களுக்கும் இடையில் கான்டின் வாழ்வில் நிகழ்ந்ததொன்று கருதத்தக்கது. அவருடைய சமயக் கருத்துகளைக் கண்டித்து 1794 அக்டோபரில் பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரடெரிக் வில்லியமின் ஆணை வந்தது. இனிச் சமயம் பற்றிப் பொதுவில் பேசுவதில்லை என்று கான்ட் வாக்களித்தார். மன்னரின் குடிமகன் என்னும் முறையில் அவ்வாக்கை அளிப்பதாகக் குறிப்பிட்டார். 1797இல் அம்மன்னர் இறந்தபின், அவருடைய குடிமகன் என்னும் நிலை முடிந்ததாகக் கொண்டே 1798ஆம் ஆண்டு நூலை வெளியிட்டார். இறைக்குரலையே ஐயுற வேண்டும் என்றவர் மண்ணுலக மன்னரின் ஆணைக்கு அடங்கி மௌனம் காத்தார். கோட்பாட்டளவில் துணிவது வேறு, நடைமுறையில் துணிவது வேறு என்பதற்கு இது சான்று.

கான்டின் விடை நெறிமுறைக்குத் தெளிவு தந்தது. நம்பிக்கைக்கோ இடம் வைக்கவில்லை என்று கருதியவர் டென்மார்க் நாட்டுச் சோரன் கீர்க்ககார். கோபன்ஹேகனில் 1843இல் ‘அச்சமும் நடுக்கமும்’ என்னும் நூலை ‘மௌனத்தின் யோவான்’ என்று பொருள்படும் புனைபெயரில் அவர் வெளியிட்டார். நூலின் தொடக்கத்தில் மோரியாப் பயணத்தை நான்கு விதமாகக் கற்பனை செய்து காட்டுகிறார். நாட்டுக்காக மகளைப் பலியிட்ட கிரேக்க அரசன் அகமெம்னானை மக்கள் புரிந்துகொள்வர், அவனுக்காக அழுவர். ஆபிரகாமின் செயலால் எந்த நாட்டுக்கும் பயனில்லை. அவர் எவர்க்கும் விளக்கவும் முடியாது. அறத்தின் பார்வையில் அவர் கொலைஞர். நம்பிக்கையின் பார்வையில் அவர் தந்தை. பொது அறம் கடவுள்முன் ஒரு கணம் நிறுத்திவைக்கப்படலாமா என்று கேட்கும் அந்நூல், ஆபிரகாமைத் தம்மால் வியக்க முடிகிறதே அன்றி விளங்கிக்கொள்ள முடியவில்லை என்று அப்புனைபெயரார் ஒப்புவதையும் மறைக்கவில்லை.

நூலில் எழுதிய ஆபிரகாம் வேறு. அண்டை வீட்டில் தோன்றும் ஆபிரகாம் வேறு. போர்ன்ஹோல்ம் தீவின் போதகர் அடோல்ப் அட்லர், 1842இல் தமக்கு நேரடி வெளிப்பாடு கிடைத்ததாக அறிவித்தார். திருச்சபை அவரைப் பணியிலிருந்து 1845இல் நீக்கியது. அவரைப் பற்றிக் கீர்க்ககார் ஒரு முழுநூலே எழுதினார். அட்லரின் கோரிக்கையை அவரால் ஏற்க இயலவில்லை. பலமுறை திருத்திய அந்நூலை வாழ்நாளில் அவர் வெளியிடவும் இல்லை.

அச்சத்தோடும் நடுக்கத்தோடும் ஆபிரகாமை அணுகிய ஐரோப்பா, 1914இல் அச்சமின்றித் தன் மைந்தரைப் போருக்கு அனுப்பியது. ஆங்கிலக் கவிஞர் வில்பிரட் ஓவன் 1918இல் எழுதிய சிறு கவிதையொன்றில் மோரியா நிகழ்ச்சி மாறி முடிகிறது. தேவதூதன் தடுத்தும் முதியவர் கேட்பதில்லை; ஆட்டுக்கடாவை ஏற்பதில்லை; மகனையும், அவனோடு ஐரோப்பாவின் இளைஞரையும் கொன்றுவிடுகிறார். இங்குத் தந்தையின் குற்றம் கடவுளுக்குக் கீழ்ப்படிந்தது அன்று. நிறுத்து என்ற கட்டளைக்குக் கீழ்ப்படியாதது. முதற்கட்டளையைப் பற்றியே வழக்காடி வந்த நெடிய மரபுக்கு, இரண்டாம் கட்டளையை நினைவூட்டியவர் ஒரு கவிஞர். 1918 நவம்பர் 4ஆம் நாள், போர் முடிய ஒரு வாரம் இருந்தபோது, ஓவன் களத்தில் கொல்லப்பட்டார்.

ஓர் உழவரின் மறுப்பு

ஆஸ்திரியாவின் ராடெகுண்ட் என்னும் சிற்றூரில் 1907இல் பிறந்த பிரான்ஸ் யேகர்ஷ்டெட்டர் உழவர். ஊர்க் கோயிலின் பணியாளராகவும் இருந்தவர். 1938 ஏப்ரலில் ஆஸ்திரியாவைச் செர்மனியோடு இணைப்பது பற்றிய வாக்கெடுப்பில் அவ்வூரில் எதிர்த்து வாக்களித்தவர் அவர் ஒருவரே. இட்லரின் போர் நீதியற்றது, அதில் ஆயுதம் ஏந்துவது பாவம் என்று அவர் முடிவு செய்தார்.

அம்முடிவை அவர் தனியே வைத்துக்கொள்ளவில்லை. பங்குக்குருவிடம் கேட்டார், லின்ஸ் நகர் ஆயரையே நேரில் சென்று கண்டார். ஆயர் அவரை ஊக்கவில்லை. ஆட்சியாளரின் செயலுக்குத் தனிக்குடிமகன் பொறுப்பாகான். மனைவி மக்களைக் காப்பதே அவன் கடமை என்பது கிடைத்த அறிவுரை. கீழ்ப்படிதல் என்னும் சொல்லின் முழுச்சுமையும் அங்கே எதிர்த்தரப்பில் இருந்தது. திருச்சபையின் தலைவரும், நாட்டின் சட்டமும், குடும்பக் கடமையும் ஒரே குரலில் பணி என்றன. பணியாதே என்றது அவர் நெஞ்சம் ஒன்றே. அதனையே அவர் கடவுளின் குரலாகக் கொண்டார்.

1943 மார்ச்சில் படைமுகாமுக்குச் சென்று ஆயுதப்பணியை மறுத்தார். காயமுற்றோர்க்கு உதவும் மருத்துவப் பணியை ஏற்க அவர் முன்வந்தும் பயனில்லை. ஜூலை 6ஆம் நாள் பெர்லினில் மரணத் தீர்ப்பு அளிக்கப்பட்டது. பிரான்ஸ் ரைனிஷ் என்னும் குருவானவர் தமக்கு முன்பே, 1942 ஆகஸ்டில், இதே காரணத்திற்காகக் கொல்லப்பட்டதைச் சிறையில் அறிந்து ஆறுதல் கொண்டார். 1943 ஆகஸ்ட் 9ஆம் நாள் பிராண்டன்பர்க்கில் அவர் தலை வெட்டப்பட்டது. அகவை 36.

இங்கும் ஒரு சாராள் உண்டு. மனைவி பிரான்சிஸ்கா முதலில் கணவரைத் தடுக்க முயன்றார். ஊரே அவரைக் குறைகூறுவதையும், தாமும் எதிர்த்தால் அவருக்கு எவருமே துணையில்லை என்பதையும் உணர்ந்தபின் உடன் நின்றார். மூன்று சிறு பெண்மக்களோடும் வயல்வேலையோடும் எஞ்சிய அவரையே கணவரின் முடிவுக்குக் காரணமாக ஊரார் பழித்தனர். போரில் இறந்தோர் மனைவியர்க்குரிய உதவித்தொகை அவருக்கு 1950 வரை கிடைக்கவில்லை. ஆகவே தம் கழுத்தை மட்டுமே கொடுத்தார் யேகர்ஷ்டெட்டர் என்று கூறி முடித்துவிட இயலாது. மனச்சாட்சியின் கத்தியும் வீட்டாரைத் தொடாமல் விடுவதில்லை. அவ்விலையை அறிந்து, எதிர்த்து, பின் தாமே ஏற்ற ஒரு பெண்ணின் குரல் இங்கு வரலாற்றில் பதிந்துள்ளது என்பதுதான் மோரியாவிலிருந்து இதனை வேறுபடுத்துகிறது.

கீழ்ப்படிதலின் மறுவாசிப்பு

போர் முடிந்தபின் கீழ்ப்படிதல் என்னும் சொல்லையே கிறித்தவர் அஞ்சி நோக்கலாயினர். ஆஷ்விட்ஸ் முகாமின் தலைவர் ருடால்ப் ஹேஸ் சமயப்பற்று மிக்க கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தையார் அவரைக் குருவாக்க விரும்பினார். பெரியோர்க்கு மறுபேச்சின்றிப் பணிவதே தமக்குச் சிறுவயதில் ஊட்டப்பட்ட முதற்பாடம் என்பதைத் தம் தன்வரலாற்றில் அவரே எழுதிவைத்தார். கவிஞரும் இறையியலாருமான செர்மானியப் பெண்மணி டோரத்தே சோலே (1929–2003), 1968இல் கற்பனையையும் கீழ்ப்படிதலையும் ஒருங்கே ஆராயும் சிறுநூலொன்றை வெளியிட்டார். பொருளை நோக்காமல் பணிவை மட்டும் போற்றும் கல்வி, யாருக்குப் பணிகிறோம் என்பதை அறியும் ஆற்றலையே அழித்துவிடுகிறது என்றார். இயேசுவின் வாழ்வில் அவர் கண்டது வெறும் பணிவை அன்று. ஒவ்வொரு மனிதர்க்கும் எது தேவை என்று புதிதாகக் காணும் கற்பனையை.

கத்தோலிக்கத் திருச்சபையிலும் மாற்றம் வந்தது. அமெரிக்கச் சமூகவியலார் கோர்டன் சான் 1964இல் வெளியிட்ட நூல்வழி யேகர்ஷ்டெட்டரை உலகம் அறிந்தது. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் அவருடைய எடுத்துக்காட்டை முன்வைத்தவர், 1950 வரை பம்பாயின் பேராயராக இருந்த தாமஸ் ராபர்ட்ஸ். அவ்வாண்டு டிசம்பரில் நிறைவேறிய இன்றைய உலகில் திருச்சபை பற்றிய கொள்கைத்திரட்டு, மனச்சாட்சியை மனிதன் கடவுளோடு தனித்திருக்கும் உள்ளறையாகக் கண்டது. ஆயுதம் ஏந்த மனச்சாட்சியால் மறுப்போர்க்குச் சட்டம் மனிதநேயத்துடன் இடமளிக்க வேண்டும் என்றது. யேகர்ஷ்டெட்டருக்கு அளிக்கப்பட்ட தீர்ப்பை 1997இல் பெர்லின் நீதிமன்றம் நீக்கியது. 2007 அக்டோபர் 26ஆம் நாள் லின்ஸ் பேராலயத்தில் அவர் அருளாளர் பட்டம் பெற்றார். தொண்ணூறு அகவை கடந்த பிரான்சிஸ்கா அங்கு வந்திருந்தார். 2013இல், தம் நூறாம் அகவையில், அவர் காலமானார். அன்று ஆயர் கீழ்ப்படியச் சொன்னதை மறுத்தவரை, அதே ஆயரகம் பின்னர் பீடத்தில் ஏற்றியது.

முடிவாக

கடவுளுக்குக் கீழ்ப்படிதலா, சொந்த மனச்சாட்சியா என்னும் வினா, வரலாற்றில் பெரும்பாலும் அவ்வடிவில் எழவில்லை என்பது மேற்கண்டவற்றால் புலனாகும். லூதரும், வில்லெம்சும், யேகர்ஷ்டெட்டரும் தம் மனச்சாட்சியைக் கடவுளுக்கு எதிராக நிறுத்தியவர் அல்லர். மனச்சாட்சியிலேயே கடவுளைக் கேட்டதாகக் கொண்டவர். மியூன்ஸ்டரின் இயானும் அவ்வாறே கொண்டார் என்பதுதான் இவ்வினாவை எளிதில் தீராததாக்குகிறது. குரலின் உறுதியை மட்டும் கொண்டு அதன் மெய்ம்மையை அளக்க முடியாது.

ஆயினும் வரலாறு சில அடையாளங்களைக் காட்டாமல் இல்லை. மெய்யான கீழ்ப்படிதல் பிறரிடம் கலந்து கேட்கிறது. யேகர்ஷ்டெட்டர் ஆயர் வரை சென்று கேட்டார். தன் முடிவின் விலையைப் பிறர் தலையில் சுமத்தக் கூசுகிறது. வில்லெம்ஸ் துரத்தியவனையே காத்தார். வீட்டிலிருக்கும் சாராளின் குரலை அடக்குவதில்லை. எல்லாவற்றிற்கும் மேலாக, நிறுத்து என்னும் இரண்டாம் குரலைக் கேட்கச் செவி திறந்து வைத்திருக்கிறது. முதற்குரலைக் கேட்ட உறுதியிலேயே ஆபிரகாம் செவியை மூடிக்கொண்டிருந்தால் ஈசாக்கு பிழைத்திருக்கமாட்டான்.

பத்துப்பேருக்காகக் கடவுளோடு வழக்காடிய ஆபிரகாமும், மகனோடு மௌனமாக மலையேறிய ஆபிரகாமும் ஒரே நூலில் அடுத்தடுத்து வாழ்கின்றனர். ஒருவரை நீக்கி மற்றவரை மட்டும் வைத்துக்கொள்ள முயன்ற ஒவ்வொரு காலமும் இடர்ப்பட்டது. வழக்காடத் தெரிந்தவரின் பணிவுக்கே பொருள் உண்டு.